கைமணம் என்றொரு கூலியில்லா வேலை

பாண் செய்யும் இயந்திரத்தில் பீட்சாவுக்கு மா பிசைவதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால், நெடுங்காலமாக என்னை வாசித்து வரும் அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அக்கரப்பத்தனைக்காரன் சம்பளத்தை எழுதலாம், லயத்தை எழுதலாம், காணி உரிமையை எழுதலாம். பீட்சாவையும் மின்சார இயந்திரத்தையும் கொழும்புக் கறுவாத் தோட்டத்தாருக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு. அந்த நினைப்போடுதான் இக்கட்டுரைக்கு வழக்கு.

அண்மையில் மலையகத்து இலக்கியக் கூட்டமொன்றில் பேச்சாளர் ஒருவர், தம் தாயார் விடியலில் பிசைந்து சுட்ட ரொட்டியை உருக்கமாக வருணித்தார். இயந்திரங்கள் வந்து கைமணத்தைக் கொன்றுவிட்டன என்று முடித்தார். மண்டபம் கைதட்டியது. தட்டியவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அவர்களுள் எத்தனை பேர் தம் வாழ்நாளில் ஒரு கிலோ கோதுமை மாவைப் பிசைந்திருப்பார்கள் என்ற கேள்வியை அந்த மேடையில் எவரும் எழுப்பவில்லை. ஆகவே இங்கே எழுப்புகிறேன். கைமணம் என்று நாம் போற்றுவது எது? சுவையா, அல்லது ஒருவருடைய தூக்கத்தைப் பறித்து, கூலி கொடாமல் வாங்கிக்கொண்ட வேலைக்கு நாம் சூட்டிய அழகான பெயரா?

தோட்டத்து விடியலை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை, அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரட்டுக்குப் போகவேண்டிய பெண் நான்கு மணிக்கெல்லாம் எழுந்தாக வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் மூலையில் அடுப்பை மூட்டி, தேத்தண்ணிக்கு நீர் வைத்துவிட்டு, மா பிசைய உட்கார வேண்டும். காலைக்கும் அதே ரொட்டி, மலையில் பகலுக்கும் அதே ரொட்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அதே ரொட்டி. அக்கரப்பத்தனையின் மார்கழிக் குளிரில் குடத்து நீர் விரலை விறைக்கச் செய்யும். கொழுந்து பறித்து வெடித்துப்போன விரல் நுனிகளில் உப்புப் போட்ட மா பட்டால் எரியும். அந்த எரிச்சல் ரொட்டியில் மணப்பதில்லை. அதனால்தான் பேச்சாளர்களுக்கு அது தெரிவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையும் மாலையுமாக இருவேளை, வேளைக்கு 20 நிமிடம் மா பிசையவும் பாத்திரம் கழுவவும் போகிறதென்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 நிமிடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 243 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு வேலைநாளாகக் கொண்டால் அது 30 நாள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணித்தாலும் 40,500 ரூபா. ஆண்டுதோறும் ஒரு முழு மாதத்து உழைப்பை லயத்துப் பெண் மாவுக்குள் புதைக்கிறாள். எந்தச் செக்றோலிலும் அதற்குப் பெயர் விழுவதில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ஆனபோதும், 1,350 ஆனபோதும், 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று பேசப்பட்டபோதும், இந்த மாதத்தைப் பற்றி எந்தத் தொழிற்சங்கமும் மேசையில் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

கோதுமை ரொட்டி நமது தொன்றுதொட்ட உணவென்று நினைப்பதும் சரியன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் சோறுண்டவர்கள். தோட்ட நிருவாகமும் அவர்களுக்கு அரிசியையே அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இடைவெளியை நிரப்பக் கோதுமை மா பங்கீட்டில் புகுந்தது. போர் முடிந்த பின்னரும் அது போகவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் அந்த மாவும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1980 இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியபின், கோதுமை விளையாத இந்த நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் மா தாராளமாகக் கிடைத்தது. 2022 ஜனவரியில், தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ மாவைக் கிலோ 80 ரூபாவுக்கு வழங்குவதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டுக்குள் சந்தையில் மாவின் விலை இருமடங்கையும் தாண்டியது.

இந்த வரலாற்றில் எல்லோரும் பேசுவது மாவின் விலையை. எவரும் பேசாத ஒன்று, மாவோடு சேர்ந்து வந்த வேலை. அரிசியைக் கழுவி உலையிலிட்டால் அது தானே வேகும். அதற்குள் பிள்ளைக்குத் தலைவாரி விடலாம். மா அப்படியன்று. பிசைய வேண்டும், உருட்ட வேண்டும், தட்ட வேண்டும், ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டுத் திருப்ப வேண்டும். சோற்றிலிருந்து ரொட்டிக்கு மாறியபோது, கப்பலில் வந்த மூட்டைகளை அரசு எண்ணியது. அந்த மூட்டைகளைத் தின்னும் பண்டமாக்கும் மணிக்கட்டுகளை எண்ணவில்லை.

இனித் தேயிலைக்கு வருகிறேன். 1867 இல் லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, அவருடைய பங்களா வராந்தாவே தொழிற்சாலை. வாட்டிய கொழுந்தை மேசைமீது பரப்பிக் கையால்தான் உருட்டினார்கள். மா பிசைவதற்கு மிக நெருங்கிய வேலை அது: உள்ளங்கையால் அழுத்து, தள்ளு, மடித்து மறுபடியும் அழுத்து. ஆனால் அந்த நிலை எத்தனை காலம் நீடித்தது? சில ஆண்டுகளுக்குள்ளேயே டெய்லர் உருட்டு இயந்திரம் வைத்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த உருட்டு இயந்திரங்கள் தேயிலை நாடுகளெங்கும் பரவிவிட்டன. இன்று அக்கரப்பத்தனையிலோ டயகமையிலோ எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் ரோலர் சுழல்வதைக் காணலாம்.

கையால் உருட்டிய தேயிலையின் மணம் போய்விட்டதே என்று எந்தத் துரையும் கண்ணீர் விடவில்லை. அந்த வேலை கம்பனியின் கணக்கில் செலவு. செலவைக் குறைக்க இயந்திரம் வந்தது. மா பிசைவது எவருடைய கணக்கிலும் செலவன்று. ஆகவே அதற்குக் கவிதை வந்தது. தொழிற்சாலையில் கொழுந்துக்கு இயந்திரம், அதற்கு நூறு யார் தள்ளி லயத்தில் மாவுக்குப் பெண்ணின் கை. பல பத்தாண்டுகளாக இரண்டும் அருகருகே இருந்து வருகின்றன. இதை மரபு என்று வாழ்த்த என்னால் இயலாது.

இயந்திரம் பிசைந்தால் சுவை வராது என்பது அடுத்த வாதம். வீட்டுப் பாண் இயந்திரம் பிறந்த கதையே இதற்குப் பதில். 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் இதை உருவாக்க முயன்றபோது, பாணின் மேல்தோல் கருகியது, உட்புறம் வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் தேர்ந்த கைகள் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. அக்குழுவிலிருந்த மென்பொருள் வல்லுநரான இக்குக்கோ தனாக்கா என்ற பெண்மணி, ஒசாக்கா இன்டர்நஷனல் ஹோட்டலின் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் சென்று பயிற்சி பெற்றார். அவர் மாவை வெறுமனே இழுப்பதில்லை, இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பதைக் கண்டுகொண்டார். அந்த முறுக்கலைத் தரும் வகையில் இயந்திரக் கிண்ணத்தின் உட்புறத்தில் வரம்புகள் அமைக்கப்பட்டன. 1987 இல் இயந்திரம் விற்பனைக்கு வந்தது.

இதிலிருந்து விளங்குவது என்ன? கைமணம் என்பது மாயமன்று. அது ஓர் அசைவு. கோதுமையில் உள்ள புரதங்கள் நீரோடு சேர்ந்து, அழுத்தத்தாலும் இழுப்பாலும் குளூட்டன் என்னும் வலையாகின்றன. அந்த வலைதான் மாவுக்கு மெதுமையையும் இழுவையையும் தருகிறது. அதை ஆக்கியது தாயின் விரலா, உலோகத் துடுப்பா என்று அந்தப் புரதம் விசாரிப்பதில்லை. ஒருத்தி அருகில் நின்று கூர்ந்து பார்த்ததால் கையின் அறிவு இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அருகிலிருந்து உண்டார்கள், பார்க்கவில்லை.

நம் ஊரிலும் பார்த்தவர் உண்டு. அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண்மணி ஒருவர், மத்திய கிழக்கில் சில ஆண்டுகள் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்துவிட்டுத் திரும்பினார். மற்றவர்கள் தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்தபோது அவர் பாண் இயந்திரம் கொண்டுவந்தார். எசமானி வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பீட்சாவுக்கான மாவை அதில்தான் தயாரித்தாராம். லயத்தில் சிரித்தார்கள். “தொரசாணி வந்திருச்சு, மா பெணைய மிஷின் வேணுமாம்” என்று பேச்சு. அவர் பொருட்படுத்தவில்லை. அவரிடம் கேட்டறிந்த செய்முறையை இங்கே தருகிறேன்.

பீட்சாவுக்கு: கிண்ணத்தில் முதலில் 300 மில்லிலீற்றர் நீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி. அதன்மேல் 500 கிராம் கோதுமை மா. மாவின் உச்சியில் சிறு குழி பறித்து ஒன்றரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட். அது உப்பிலும் நீரிலும் முன்கூட்டியே படாதிருப்பது நல்லது. நம் பக்கத்துக் குளிருக்கு நீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும். கை பொறுக்காத சூடானால் ஈஸ்ட் செத்துவிடும். இயந்திரத்தில் மாவுக்கென்று தனியே உள்ள தெரிவை அழுத்தினால், பெரும்பாலான வகைகளில் ஒன்றரை மணித்தியாலத்தில் மா பிசைந்து பொங்கி நிற்கும். ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து ஒருமுறை பார்க்க வேண்டும். கிண்ணத்தில் ஒட்டிக் குழைந்தால் ஒரு கரண்டி மா, உருண்டு உடைந்தால் ஒரு கரண்டி நீர்.

இந்த இயந்திரத்தின் நன்மை மலைநாட்டுக்கு இரட்டிப்பு. அக்கரப்பத்தனைக் குளிரில் வெளியே வைத்த மா பொங்க அரைநாள் ஆகலாம். இயந்திரம் தனக்குள் இதமான சூட்டைப் பேணுகிறது. அவண் இல்லாதவர்கள் கனத்த ரொட்டிக்கல்லில் ஒருபுறம் சுட்டுத் திருப்பி, லீக்ஸும் டின்மீனும் கொஞ்சம் சீஸும் பரப்பி மூடி வைத்தால் போதும். லீக்ஸுக்கு நுவரெலியா மாவட்டத்தில் பஞ்சமில்லை.

ரொட்டிக்கோ ஈஸ்ட்டும் வேண்டாம், பொங்கவும் வேண்டாம். மாவும் உப்பும் நீரும் இட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, துருவிய தேங்காயைச் சேர்த்து இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் முடிந்தது. பல இயந்திரங்களில் நேரம் குறித்து வைக்கும் வசதி உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மாவையும் நீரையும் இட்டுவிட்டுப் படுத்தால், விடியலில் அது பிசைந்து வைத்திருக்கும். தட்டுவதும் சுடுவதும் மட்டுமே கைக்கு மிஞ்சும். அந்தப் பெண்மணிக்கு இதனால் கிடைத்தது, காலையில் இருபது நிமிடத் தூக்கம். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

“பீட்சா பணக்காரர் தீனி” என்போருக்கும் ஒரு வார்த்தை. பீட்சா இத்தாலியின் நாப்போலி நகரத்து ஏழைகளின் ரொட்டி. தெருவில் நின்றபடி, தக்காளியும் எண்ணெயும் பூசித் தின்ற உழைப்பாளர் உணவு. அந்த நகரத்துப் பீட்சாக் கலையை யுனெஸ்கோ 2017 இல் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாமோ கட்டச்சம்பலோடு ரொட்டி தின்னும் பிள்ளையைப் பாடசாலையில் கேலி செய்யும் சமூகம். அதே மா, அதே உப்பு, அதே நீர். மெச்ச வேண்டுமானால் அந்த உணவைச் சமைப்பவரை மெச்சுங்கள். அவர் படும் பாட்டை மெச்சாதீர்கள்.

“சம்பளமே போதாதபோது இயந்திரம் ஒரு கேடா?” என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. விலை எளியதன்று என்பதை ஒப்புகிறேன். ஆனால் இந்த நியாயத்தை நாம் எல்லாப் பொருளுக்கும் கேட்பதில்லை. தவணைக்கு முச்சக்கரவண்டி எடுக்கும்போதும், கைத்தொலைபேசி வாங்கும்போதும் அது எழுவதில்லை. பெண்ணின் உழைப்பைக் குறைக்கும் பொருள் வரும்போதுதான் சிக்கனம் நினைவுக்கு வருகிறது. மின்சாரக் கட்டணம் என்பது இன்னொரு சாட்டு. பாணைச் சுடும்போதுதான் இயந்திரம் மின்சாரத்தை விழுங்கும். மாவைப் பிசையும் மோட்டாருக்குத் தேவைப்படுவது பழைய நூறு வாட் மின்குமிழ் ஒன்றின் அளவை ஒட்டியதே.

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே ஆட்டுக்கல்லைப் பற்றிய கைமணக் கதைகள் நம்முடையவற்றைவிட அதிகம். அப்படியிருந்தும் கோயம்புத்தூரில் மாவரைக்கும் கிரைண்டர் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2011 செப்டெம்பரில் ஜெயலலிதா அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை இலவசமாக வழங்கத் தொடங்கியது. வாக்குக்கு வீசிய எலும்புத் துண்டு என்று இகழ்ந்தார்கள். அத்திட்டத்தின் அரசியலை விமர்சிக்கலாம், நானும் விமர்சிப்பேன். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது: ஏழைப் பெண் அடுக்களையில் அரைக்கும் வேலை அரசு தலையிடத் தக்க பொது விடயம் என்பதை அது ஒப்புக்கொண்டது. நம் அரசுகள் மாவை மானியத்தில் கொடுக்க முன்வந்திருக்கின்றன. பிசைவதைப் பற்றி ஒருநாளும் சிந்தித்ததில்லை.

வெள்ளை மா உடலுக்கு ஆகாது, ரொட்டியைக் கைவிடுங்கள் என்று தோட்டங்களுக்கு வந்து உபதேசிப்போரும் உண்டு. உண்மைதான், வெள்ளை மாவை மட்டுமே நம்பிய உணவு நல்லதன்று. ஆனால் மரக்கறியும் பருப்பும் சோறும் சமைக்க நேரம் வேண்டும், பணமும் வேண்டும். நான்கு மணிக்கு எழுகின்ற ஒருத்தியிடம் அவ்விரண்டையும் கொடாமல் அறிவுரையை மட்டும் கொடுப்பது, பசித்தவனிடம் பத்தியம் பேசுவது போன்றது. பிசையும் நேரம் மிஞ்சினால் அதிலே ஒரு கீரை சுண்டலாம். இயந்திரத்தின் எதிரியாக உடல்நலத்தை நிறுத்துவது பொருந்தாது.

எனவே என் கோரிக்கைகளை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இயந்திரம் என்பது இன்றைக்குக் கனவாக இருக்கலாம். தோட்டத்துக்கு ஒன்றாக, பேக்கரிகளில் உள்ளது போன்ற பெரிய மா பிசையும் இயந்திரமொன்றைப் பிள்ளைக் காம்பராவிலோ கூட்டுறவுக் கடையிலோ வைப்பது கனவன்று. கொழுந்து உருட்ட ரோலர் வாங்கிய கம்பனிகளுக்கு இது பெருஞ்செலவும் அன்று. தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் இதை ஒரு வரியாகச் சேர்க்கட்டும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடுகளை அறிவித்ததிலிருந்து நாம் வீடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். இனிக் கட்டப்படும் வீட்டின் அடுக்களையில், நின்றுகொண்டு வேலைசெய்ய ஒரு மேடையும் அதன்மேல் ஒரு மின்செருகியும் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்து எண்ணுவோம்.

இவையெல்லாம் வரும்வரை? அதற்கும் வழி இருக்கிறது. செலவே இல்லாத வழி. தாயின் கைமணத்தை மேடையில் பாடும் ஆண்கள் அனைவருக்கும் இரண்டு கைகள் உண்டு. விடியலில் எழுந்து அவர்கள் பிசையட்டும். ஓர் ஆண்டு முழுவதும், இருவேளையும், உப்புநீர் பட்டு விரல் எரிய எரியப் பிசைந்து முடித்த பிறகு, பாண் இயந்திரம் ஆடம்பரம் என்று அவர்களில் எவராவது சொன்னால், அந்தக் கருத்தை நான் மரியாதையோடு கேட்பேன்.